ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவத் தொப்பிகள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1908-இல் வந்த சாம்பல்நீலப் போர்க்களத் தொப்பியின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டச் சின்னம் இருக்கும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் பலரும் ஏமாறுவது அந்தச் சின்னத்தில்தான்.

அதில் இருப்பவை பேரரசரின் பெயரெழுத்துகள். முதலாம் பிரான்ஸ் ஜோசப் காலத்தில் ஆஸ்திரியப் பக்கத்துக்கு எஃப்-ஜே-ஐ; கடைசி ஐ, முதலாம் என்பதைக் குறிக்கும் ரோமன் எண். ஹங்கேரியின் சொந்தப் படையான ஹொன்வேடுக்கு ஐ-எஃப்-ஜே, அதாவது எண் முன்னால் வரும். 1916 நவம்பர் 21-இல் அவர் இறந்து கார்ல் பதவிக்கு வந்ததும் கே என்ற எழுத்து வந்தது. கார்ல் ஹங்கேரியில் நான்காம் காரொய் என்பதால் அங்கே கே-க்கு முன்னால் ரோமன் நான்கு. ஆக, 1914-இல் களத்துக்குப் போன தொப்பி என்று சொல்லி ஒருவர் விற்கும்போது அதில் கே இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

ஆனால் உடனே போலி என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. முதல் உலகப் போர்க்காலத்தில் படைவீரரே பழைய சின்னத்தைக் கழற்றிப் புதியதை மாட்டியிருக்கலாம். பழைய சின்னத்தோடே 1918 வரை இருந்தவர்களும் உண்டு. சின்னத்தின் ஓரத்தை லேசாகத் தூக்கி, அடியில் இருக்கும் துணியைப் பாருங்கள். சுற்றிலும் வெளுத்திருக்க, அடியில் மட்டும் பழைய நிறம் அப்படியே வட்டமாக இருந்தால் அந்தச் சின்னம் நெடுநாள் அங்கேயே இருந்திருக்கிறது. வட்டத்தின் அளவு பொருந்தவில்லை, பழைய ஊசித்துளைகள் வேறு இடத்தில் இருக்கின்றன, நூல் மட்டும் பளிச்சென்று புதிதாக இருக்கிறது என்றால் சமீபத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

காலர் பட்டையின் நிறத்தை மட்டும் பார்த்து ரெஜிமெண்டைச் சொல்லிவிடுவது அடுத்த தவறு. 1914-இல் ஆஸ்திரியாவுக்கும் ஹங்கேரிக்கும் பொதுவான படையில் 102 காலாட்படை ரெஜிமெண்டுகள் இருந்தன, நிறங்களோ 28தான். அதனால் நிறத்தோடு பொத்தானையும் பார்க்க வேண்டும்: மஞ்சளா, வெள்ளையா? கால்சட்டை ஜெர்மன் முறையா, காலை ஒட்டிய ஹங்கேரிய முறையா என்பதும் முக்கியம். வான்நீல நிறத்தை 3, 4, 19, 32 ஆகிய நான்கு ரெஜிமெண்டுகள் அணிந்தன. இதில் வியன்னாவின் 4-க்கும் புடாபெஸ்டின் 32-க்கும் பொத்தான்கூட ஒரே மஞ்சள்தான். டாய்ச்மைஸ்டர் என்று பேர்பெற்ற அந்த 4-ஆம் ரெஜிமெண்டின் பெயரைச் சொன்னால் விலை ஏறும். தனியாகக் கிடைக்கும் ஒரு வான்நீலப் பட்டைக்கு அந்த விலை கொடுக்காதீர்கள்.

அப்புறம், தொப்பியின் பக்கவாட்டில் குத்திக்கொள்ளும் உலோகச் சின்னங்கள். போரில் இறந்தவர்களின் மனைவி, பிள்ளைகளுக்கு நிதி திரட்டுவதற்காக விற்கப்பட்டவை இவற்றில் ஏராளம். பொதுமக்களும் வாங்கினார்கள். எனவே ஒரு தொப்பியில் ஒரு படைப்பிரிவின் சின்னம் இருப்பதாலேயே அது அந்தப் பிரிவின் தொப்பி ஆகிவிடாது. பின்பக்கம் வியன்னாவின் குர்ஷ்னர் அல்லது புடாபெஸ்டின் அர்கன்சாஸ் என்ற தயாரிப்பாளர் பெயர் இருப்பதும் போதாது. அசலை வைத்து அச்செடுத்து வார்த்தால் அந்தப் பெயரும் சேர்ந்தே வந்துவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சில் அடித்த அசலில் கோடுகள் கூர்மையாக இருக்கும். வார்த்த நகலில் பள்ளங்களுக்குள் குமிழ்ப் புள்ளிகள் தெரியும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும்.

இனி, வாங்கிய பிறகு நடக்கும் தவறுகள். எனக்கு மனது மிகவும் வலிப்பது துலக்குவதில்தான். பித்தளை என்றதும் புளியையோ பாலிஷையோ தேடும் பழக்கம் நமக்கு. ட்ராகூன் குதிரைப்படை அதிகாரியின் ஹெல்மெட்டைப் பாருங்கள்: கறுப்புத் தோல், உச்சியில் உயர்ந்த கொண்டை, அதன் இரு பக்கமும் பாம்போடு போரிடும் சிங்கம். அந்த உலோகத்தின் மேல் இருப்பது மெல்லிய பொன்முலாம். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது சிங்கத்தின் பிடரியில் இருக்கும் பொன். போனது போனதுதான். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். தோலைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு இருந்தால் மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். தோலுக்கு எண்ணெய் தடவவே வேண்டாம். கறுத்து, பிசுபிசுத்து, தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இரும்பு ஹெல்மெட்டுக்கும் இதே விதிதான். துருவைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்தால் அதன் கதை அழிந்துவிடும்.

படைவீரர்களின் காலரில் உள்ள வெள்ளை ஆறுமுனை நட்சத்திரங்கள் பல செல்லுலாய்டில் செய்தவை. இது பலருக்குத் தெரிவதில்லை. பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமில வாயுவை வெளியிடும்; எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். உலோகச் சின்னங்களோடு ஒரே டப்பாவில் இறுக்கி மூடி வைத்தால் சின்னங்கள் அரித்துப்போகும். காற்றோட்டமாகத் தனியே வையுங்கள். ஓக் மர அலமாரியும் அமிலம் கக்கும் என்பதால் போரின் பிற்பகுதியில் வந்த துத்தநாகச் சின்னங்களுக்கு ஆகாது.

கம்பளித் தொப்பியை ஆணியில் மாட்டாதீர்கள். அமிலமில்லாத காகிதத்தை உள்ளே அடைத்துத் தாங்கி மேல் வையுங்கள். ஜன்னல் வெயில் படவே கூடாது; துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பதுதான் அருங்காட்சியகங்களின் வழக்கம். சேவல் இறகு வைத்த யேகர் (இலகு காலாட்படை) தொப்பியில் அந்துப்பூச்சி வந்தால் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவிடலாம்.

கடைசியாக, உள்துணியை எந்தக் காரணத்துக்காகவும் துவைக்காதீர்கள். வியர்வைக் கறைக்கு நடுவே மையால் எழுதிய ஒரு பெயர், ஒரு ரெஜிமெண்ட் எண் மங்கலாகத் தெரியலாம். முதலில் அதைப் படமெடுங்கள். அது ஓர் அதிகாரியின் பெயராக இருந்தால், வியன்னாவில் ஆஸ்திரிய அரசு ஆவணக் காப்பகத்தின் போர் ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். ஹொன்வேட் என்றால் புடாபெஸ்டின் ராணுவ வரலாற்று ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.