ஹோய் ஆன் விளக்குத் திருவிழாவுக்கு நம் காலண்டரே போதும்

வியட்நாமின் ஹோய் ஆன் நகரில் மாதாமாதம் நடக்கும் விளக்குத் திருவிழாவின் தேதியைக் கண்டுபிடிக்க, வீட்டுத் தினசரிக் காலண்டரில் அமாவாசை முடிகிற தேதியைப் பார்த்து அதோடு 13 நாள் கூட்டுங்கள், அந்த இரவுக்கே அறை போடுங்கள். விழா பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், ஆனாலும் பௌர்ணமியைப் பார்த்துப் பதிவு செய்தால் பல மாதங்களில் ஒருநாள் தவறிவிடும்.

அங்கே அமாவாசை முடிகிற நாள்தான் மாதத்தின் முதல் நாள், விழா 14ஆம் நாள் இரவு. 2025இல் நம் தை அமாவாசையும் அவர்களுடைய புத்தாண்டான தெத்தும் ஒரே நாள், ஜனவரி 29. 13 கூட்டினால் பிப்ரவரி 11. அன்று பழைய நகரில் மின்விளக்குகளைக் குறைத்துவிடுவார்கள், வீட்டு வாசல்களில் முன்னோர்களுக்காகப் பூவும் பழமும் ஊதுவத்தியும் வைத்திருப்பார்கள், அப்புறம் ஆற்றில் மெழுகுவத்தி எரியும் காகித விளக்குகள் மிதக்கும். சாயங்காலமே போய்விடுங்கள், வாசல் படையலைப் பார்க்காமல் ஆற்றை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதி பார்த்த மாதிரிதான்.

அமாவாசை நம் நேரப்படி இரவு 10.30க்கு மேல் முடிந்தால் ஒருநாள் சேர்த்துக்கொள்ளுங்கள், வியட்நாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. தெத், எட்டாம் மாதத்து நடு இலையுதிர் விழா போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது, இது நாள் கணக்கைத்தான் சொல்லும், எத்தனையாவது மாதம் என்று சொல்லாது; சில வருடங்களில் அவர்களுக்குப் பதின்மூன்றாவதாக ஓர் அதிக மாதம் வேறு வரும்.