லீவிட் வேலையைப் பண்டாரவளை வாசலில் செய்து பார்ப்பது எப்படி

பிரகாசம் கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கணக்கெடுத்தவர் ஹென்றியேட்டா லீவிட் என்ற அமெரிக்க வானியலாளர். அந்த வேலையை அப்படி ஒரு நட்சத்திரத்தை வைத்து நாமும் செய்து பார்க்கலாம், தொலைநோக்கி தேவையில்லை. ஒரு கொப்பி, பென்சில், சிவப்பு செலோபேன் தாள் சுற்றிய டோர்ச், படுக்க ஒரு பாய், அவ்வளவுதான். ஆகஸ்ட், செப்டெம்பரில் பாருங்கள். அட்டன், நுவரெலியா பக்கம் அப்போது மழையும் மூடுபனியும்தான். பண்டாரவளை, வெலிமடைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இரவு 9 மணிபோல உச்சிக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அதுதான் திருவோணம். நடுவில் உள்ள பிரகாசமானதிலிருந்து தெற்கே, கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இறங்கினால் மங்கலான ஒன்று தெரியும், அதுதான் நாம் பார்க்கப்போகும் மாறும் நட்சத்திரம், பெயர் ஈட்டா அக்குயிலே. இருட்டில் இருபது நிமிடமாவது கண்ணைப் பழக்குங்கள், இடையில் போனைத் தொட்டால் எல்லாம் போச்சு.

இப்போது திருவோணத்தின் தெற்குப் பக்க நட்சத்திரத்தோடு இதை ஒப்பிடுங்கள். ஒரு நாள் இது அதைவிடச் சற்றுப் பிரகாசம், சில நாளில் நன்றாக மங்கல். தேதி போட்டு எழுதுங்கள். ஏழு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு சுற்று முடியும்; வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும்.

ஹென்றியேட்டா லீவிட் இதைத்தான் ஹார்வர்ட் வானாய்வகத்தில் மணிக்கு 30 அமெரிக்க சத சம்பளத்துக்குச் செய்தார், ஆனால் வானத்தைப் பார்த்து அல்ல. பெருவில் எடுத்த கண்ணாடித் தகடுகளில் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக விழுந்திருக்கும், அந்தப் புள்ளிகளின் பருமனை அளந்து அளந்து 1908இல் இரண்டு மகெல்லன் மேகங்களிலும் (நம் பால்வீதிக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு சிறிய நட்சத்திரக் கூட்டங்கள்) 1777 மாறும் நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டார். 1912இல் சிறிய மேகத்தின் 25 நட்சத்திரங்களை எடுத்து, சுற்று நீள நீள உண்மையான பிரகாசமும் கூடும் என்று காட்டினார். எப்படித் தெரியும்? எதிர்மலை லயத்து விளக்குகள் எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம், அதனால் அதில் பிரகாசமாகத் தெரிவது நிஜமாகவே பிரகாசமானது. அந்த மேகத்து நட்சத்திரங்களும் அப்படித்தான். சுற்றின் நீளத்தை அளந்தால் உண்மையான பிரகாசம் தெரியும், அது நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் வந்துவிடும். அந்த விதியை வைத்துத்தான் வானியலாளர் எட்வின் ஹபிள் பின்னர் அண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலத்தின் தூரத்தைக் கணித்தார், அதற்குள் லீவிட் 1921இல் இறந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

சரி, கொப்பிக்கு வருவோம். இரண்டு மூன்று சுற்றாவது பார்த்த பிறகு வரைபடம் போடுங்கள். வானம் மூடிய நாளில் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள், நேற்றைய அளவை வைத்து ஊகித்து எழுத வேண்டாம்.