எலுமிச்சை, ஆரஞ்சு வரையும்போது மஞ்சளைக் கெடுக்கும் தவறுகள்

வாட்டர்கலரில் எலுமிச்சை வரைகிறவர்களுக்கு முதல் அரைமணி நேரம் சந்தோஷமாகவே போகும். பழம் பளிச்சென்று இருக்கும். நிழல் போட ஆரம்பித்ததும் படம் கெடும். ஒரு பக்கம் இருட்டாக வேண்டுமே என்று தூரிகை கறுப்பைத் தொடும். மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் இருண்ட மஞ்சள் வராது, பாசி நிறம்தான் வரும். மஞ்சளோடு சேரும்போது கறுப்பு கிட்டத்தட்ட நீலம் போலவே நடந்துகொள்ளும்.

இதில் ஒருமுறை சூடுபட்டவர்கள் அடுத்து ஊதாவுக்குப் போவார்கள். மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா என்பது சரிதான். ஆனால் இரண்டையும் தட்டில் தாராளமாகக் குழைத்தால் சேறுதான் கிடைக்கும்.

மஞ்சள் இயல்பிலேயே வெளிர் நிறம். எவ்வளவு கெட்டியாக அப்பினாலும் அது இருட்டாகாது. அதனால் நிழலுக்கு அதன் பக்கத்து நிறங்களில் படிப்படியாக இறங்க வேண்டும். முதலில் பழம் முழுக்க நீர்த்த லெமன் யெல்லோ. அது ஈரமாக இருக்கும்போதே நிழல் பக்கம் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மஞ்சள், அதன் ஓரத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு தொடுகை. நன்றாகக் காய்ந்த பிறகும் ஆழம் போதவில்லை என்றால் மட்டும், தண்ணீராக நீர்த்த ஊதாவை ஒரே இழுப்பில் மேலே ஓட்டுங்கள். திரும்பத் தேய்க்காதீர்கள், கீழே இருக்கும் மஞ்சள் கிளம்பி வந்துவிடும். ஆரஞ்சுப் பழத்தில் இவ்வளவு பாடு இல்லை. சிவப்பு, பர்ன்ட் சியன்னா, அதில் ஒரு சொட்டு அல்ட்ராமரின் நீலம் என்று இருட்டுக்குப் போகும் வழி அதற்கு இயல்பாகவே இருக்கிறது.

மஞ்சள் அழுக்காக இன்னொரு காரணம் தண்ணீர். பிரஷ் கழுவ ஒரு டம்ளர், சுத்தத் தண்ணீர் எடுக்க ஒரு டம்ளர் என்று தனித்தனியாக வையுங்கள். நீலம் தொட்ட பிரஷ் மஞ்சள் வில்லையில் ஒருமுறை பட்டாலே போதும், அடுத்த நாலு பழமும் காயாகிவிடும். பென்சில் கோடும் அப்படித்தான். மஞ்சள் பூசிய பிறகு அது சரியாக அழியாது, அடியிலிருந்து சாம்பலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். வரைந்த கோட்டை முதலிலேயே ரப்பரால் ஒற்றி எடுத்து, கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு மெலிதாக்கிவிடுங்கள்.

தோலில் மின்னும் ஒளிக்குக் கடைசியில் வெள்ளை வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. வெள்ளை வண்ணம் சுண்ணாம்பு மாதிரி மங்கலாக உட்காரும். தாளின் வெண்மையைத்தான் ஆரம்பத்திலிருந்தே காப்பாற்ற வேண்டும். அந்த ஒளித்திட்டைச் சுற்றிக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். தோலின் குழிகள் அதன் விளிம்பில்தான் தெளிவாகத் தெரியும். முழு வெளிச்சத்தில் அவை கரைந்துவிடும், ஆழ்ந்த நிழலிலும் மறைந்துவிடும். பழம் முழுக்க ஒரே அளவில் புள்ளி வைத்தால் அம்மை போட்டது போல ஆகிவிடுகிறது. காய்ந்த பிரஷ்ஷை விளிம்பில் லேசாக உரசி, அங்கங்கே நாலைந்து குழி காட்டினாலே தோல் வந்துவிடும்.

பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் நிறைந்த பிரஷ்ஷை வைக்காதீர்கள். புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் போல ஒரு கறை விழும். ஒன்று, ஈரம் பளபளக்கும்போதே சேருங்கள். இல்லையென்றால் முழுக்கக் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறியும் ஓடினால் அந்தப் பளபளப்பு ஒரு நிமிடம்கூட நிற்காது. வரையும்போது மட்டும் நிறுத்திவிடுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) இருந்தால் நல்லது, மெல்லிய தாள் நெளிந்து வண்ணம் பள்ளத்தில் தேங்கும்.

வெட்டிய பழம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் நிறையப் பேர் சுளைகளுக்கு நடுவே கருங்கோடு போடுகிறார்கள், சைக்கிள் சக்கரம் போல ஆகிவிடும். உண்மையில் சுளைகளைப் பிரிக்கும் சவ்வு சுளையைவிட வெளிறியது. ஒவ்வொரு சுளையையும் தனியாகப் பூசி, நடுவே தாளை மெல்லிய இடைவெளியாக விட்டுவிடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பூசினால் பக்கத்துச் சுளைக்குள் வண்ணம் ஓடாது. ஈரத்திலேயே தோல் பக்கம் நிறத்தை அழுத்தமாகவும், நடுத்தண்டு பக்கம் வெளிறலாகவும் விடுங்கள். சாறு நிறைந்த முத்துகள் நடுவை நோக்கிக் கூராக நீண்டிருக்கும், பிரஷ்ஷும் அந்தத் திசையிலேயே போகட்டும். எல்லாச் சுளையும் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை, பழத்திலும் அப்படி இருப்பதில்லை. தோலுக்கு உட்புற வெள்ளைச் சதையையும் வெறும் தாளாக விடாமல், நிழல் பக்கம் ஒரு துளி வெளிர் மஞ்சள் கொடுங்கள்.

கடைசியாக, மேஜையில் விழும் நிழல். அதை ஒரே சாம்பலாக அடைத்துவிடுகிறோம். வெள்ளைத் துணியில் ஒரு ஆரஞ்சை வைத்து ஜன்னலோரம் பாருங்கள். நிழல் நீலமும் ஊதாவுமாக இருக்கும். பழம் துணியைத் தொடும் இடத்தில் மெல்லிய இருள். அதை ஒட்டி, பழத்தின் நிறமே சிந்தினாற்போல நிழலுக்குள் ஓர் ஆரஞ்சு ஒளி. நிழல் ஈரமாக இருக்கும்போதே அந்த இடத்தில் பிரஷ் நுனியால் ஆரஞ்சை ஒருமுறை தொட்டுவிட்டு, கையை எடுத்துவிடுங்கள்.