இன்சுலின்: யூனிற் சரி, குப்பியும் சிறிஞ்சும் சரிதானா?

எத்தனை யூனிற் போடுகிறீர்கள் என்று கேட்டால் “இருபது” என்று உடனே பதில் வரும். எந்த இன்சுலின், எந்தச் சிறிஞ்சு என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். அவை இரண்டும் தெரியாமல் இருபது என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

இலங்கையில் நமது கிளினிக்குகளில் தரும் குப்பிகள் பொதுவாக ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிற் கொண்டவை. அதற்கான சிறிஞ்சின் மூடி செம்மஞ்சள். இந்தியாவில் 40 யூனிற் குப்பிகளும் விற்கிறார்கள். அதற்குச் சிவப்பு மூடிச் சிறிஞ்சு. திருச்சி, சென்னை போய் வருபவர்கள் வாங்கி வந்தால் வீட்டில் இரண்டும் கலந்துவிடும். சிவப்பு மூடிச் சிறிஞ்சில் 20 வரை 100 யூனிற் குப்பியில் இருந்து இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிற். மறுவளமாகச் செய்தால் 8 யூனிற்தான் போகும். முதலாவது தவறு உயிரையே எடுக்கலாம்.

செம்மஞ்சள் மூடியிலும் கவனம் வேண்டும். ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் ஒரு சின்னக் கோடு 2 யூனிற். அரை மில்லிலீற்றர் சிறிஞ்சில் 1 யூனிற். கோடு எண்ணிப் போடுபவருக்குச் சிறிஞ்சு மாறினால் மருந்தும் இரட்டிக்கும் அல்லது பாதியாகும். எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தே இழுங்கள்.

அடுத்தது வகை. தெளிந்த சொலுபிள் இன்சுலின் அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கி 6 முதல் 8 மணித்தியாலம் நிற்கும். கலங்கிய ஐசோபேன் மெதுவாகத் தொடங்கி நீண்ட நேரம் நிற்கும். 30/70 கலவையில் இரண்டும் உண்டு, ஆகவே அதுவும் கலங்கல். கிளார்ஜினும் தெளிவாகவே இருக்கும். ஆனால் ஏறக்குறைய 24 மணித்தியாலம் வேலை செய்யும். தெளிவாக இருக்கிறதே என்று அதைச் சாப்பாட்டு நேர இன்சுலின் ஆக்கிவிடாதீர்கள், வேறு இன்சுலினோடு ஒரே சிறிஞ்சில் கலக்கவும் கூடாது.

கலங்கல் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டி, பால் போல ஒரே நிறமான பிறகே இழுக்க வேண்டும். உருட்டாவிட்டால் ஒருநாள் ஐசோபேன் குறையும், இன்னொரு நாள் கூடும். குலுக்கினால் குமிழி வந்து அளவு பிழைக்கும்.

சொலுபிளும் 30/70 கலவையும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடுபவை. ஊசி போட்ட பிறகு பிட்டு அவிக்கத் தொடங்கினால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்குக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு அளவை மாற்றுங்கள்; நீங்களாக முழுதாக நிறுத்துவதும், சாப்பிடாமல் வழமையான அளவைப் போடுவதும் இரண்டுமே ஆபத்து. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், அல்லது இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்குக் கீழே கட்டி வந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நோகாது என்பதால் பலர் அங்கேயே போடுகிறார்கள். ஆனால் கட்டிக்குள் போன மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது, சீனி ஏறி இறங்கும். ஒவ்வொரு ஊசியும் முந்தியதில் இருந்து ஒரு விரலகலம் தள்ளி இருக்கட்டும். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவே கூடிப்போகலாம், டொக்ரரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

திறக்காத குப்பி பிறிட்ஜில் 2 முதல் 8 பாகையில், ஐஸ் பெட்டிக்குத் தள்ளி இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்தால் உருகினாலும் பாவிக்கக் கூடாது. திறந்த நாளைக் குப்பியில் எழுதுங்கள். பொதுவாக நாலு கிழமைக்குப் பிறகு வீச வேண்டும். பிறிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரமணல் போட்ட மண்பானைக்குள், தண்ணீர் புகாமல் பொலித்தீனில் சுற்றி, நிழலில் வைக்கலாம்.