குடும்பக் கதை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பிள்ளைகள் எழுதும் சிறுகதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பெரும்பாலும் குடும்பக் கதைகள்தான் வரும். நல்ல கையெழுத்து, நல்ல மனசு. ஆனால் சில இடங்களில் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

முதலில், சண்டைக்கான காரணம். ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்து வீட்டில் அண்ணனும் தம்பியும் வீட்டில் பங்கு கேட்டு அடித்துக்கொள்வதாக எழுதுகிறார்கள். லயத்து வீடு யாருடையது? தோட்ட நிர்வாகத்துடையது. அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டால், அந்த வீட்டில் வேறு யாராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். அப்படியானால் உண்மையான சண்டை, யார் தோட்டத்திலேயே தங்குவது என்பதில்தான் இருக்கும். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்த பிறகு, தம்பி அங்கே போக ஆசைப்படுகிறான் என்று வையுங்கள். வீட்டைக் காப்பாற்ற அண்ணன் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் போய் நிற்கிறான், ரப்பர் மரம் சீவும் உளியைப் பிடிக்கிறான். இருபது வருடம் கழித்துத் தம்பி காரில் வந்து இறங்கி, "ஏண்ணே இன்னும் இங்கேயே கிடக்கிற?" என்று கேட்கிறான். அன்போடுதான் கேட்கிறான். அதனால்தான் அண்ணனுக்கு அது அப்படி வலிக்கிறது.

அடுத்தது, ஒருவரை மட்டும் கெட்டவராக்குவது. விட்டுவிட்டு ஓடிப்போன அப்பா என்று ஒருவர் அடிக்கடி வருகிறார், குடிகாரராக, கல்நெஞ்சராக. சரி, அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் வேறு வழியில்லாமல் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவராக அந்த அப்பா இருந்தால்? அவர் மேல் மகளுக்குக் கோபம் வராதா? வரும். காரணம் தெரிந்த பிறகும் கோபம் போகாது. அந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்து எழுதுங்கள். தயவுசெய்து அந்த அப்பாவுக்கு இந்த நியாயத்தைச் செய்யுங்கள்.

வசனத்துக்கு வருவோம். "அத்தை, நீங்கள் என்னை ஒருநாளும் மகளாக நினைத்ததில்லை" என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? பேச்சு நின்றுபோன மாமியார் பேரனைத்தான் கூப்பிடுவார்.

"ஐயா, வரக்கோப்பியில சீனி போட்டாச்சான்னு உங்கம்மாவக் கேளு."

"போட்டாச்சுன்னு சொல்லுடா."

மூன்று பேரும் நிற்பது ஒரே அடுப்படியில், கை எட்டும் தூரத்தில். பையன் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். மனக்கசப்பு என்ற சொல்லே அங்கே தேவைப்படாது.

உறவுமுறைச் சொற்களிலும் கவனம் வேண்டும். நேற்றுவரை "அண்ணி" என்றவன் இன்று "உங்க வீட்டம்மா" என்றால், என்னவோ உடைந்துவிட்டது என்று வாசகருக்கே புரியும்.

அப்புறம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கும் முடிவு. பத்து வருடம் பேசாதவர்கள் அவ்வளவு சுலபமாக வாய் திறக்க மாட்டார்கள். அண்ணனின் கருமாதிக்கு வந்த தம்பி, உள்ளே வராமல், வாங்கி வந்த வெற்றிலைக் கட்டை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு நிற்கட்டும். அண்ணி வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும்.