மலைக்கோட்டை ஏறும்போது சொதப்பாமல் இருக்க

திருச்சிக்கு விருந்தாளி வந்தால் மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். யார் எங்கே சொதப்புவார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

என்.எஸ்.பி. ரோட்டில் துணிக்கடை ஏறி இறங்கிவிட்டு, பதினொன்றரை மணிக்கு அடிவாரம் வந்து நிற்பார்கள். செருப்பைக் கீழேயே விட வேண்டும். மேலே திறந்தவெளிப் பாறை. உச்சி வெயிலில் உள்ளங்கால் பொரிந்துவிடும். தாயுமானவர் சன்னதியும் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். காலை ஏழுக்குள் ஏறுங்கள், இல்லையென்றால் நாலரைக்கு மேல்.

அடுத்தது ஓட்டம். மலை 83 மீட்டர்தான். மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு, பிறகு யார் முதலில் உச்சிக்கு என்று போட்டி. நடுவில் இருக்கும் தாயுமானவர் கதையை யாரும் கேட்பதில்லை. பேறுகாலத்துக்கு வர வேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொள்ள, ரத்னாவதிக்கு ஈசனே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தாராம். சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் வாழைத்தார் கொண்டுவருகிறார்கள்.

எல்லாரும் தவறவிடுவது, உச்சிக்குப் போகும் படியோரம் இருக்கும் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரை. 7-ஆம் நூற்றாண்டு. கங்கையைச் சடையில் ஏந்திய சிவனும், பக்கத்துத் தூண்களில் கல்வெட்டும். பூமியில் கோயிலுக்குள் இருந்துகொண்டு சோழ நாட்டையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்க, அரசன் இந்த மலையைக் கொடுத்தான் என்கிறது அது. நதிப்பிரியரான கணவர் காவிரியிடம் மயங்கிவிடுவாரோ என்று பயந்து, அவள் பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே பார்வதியும் இங்கேயே தங்கிவிட்டாளாம்!

ஆக, காட்சிக்காகவே எழுந்த கோயில் இது. நம் ஆட்கள் உச்சியில் ஊர்ப்பக்கம் செல்ஃபி எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். வடக்கே திரும்புங்கள். காவிரி, அதைத் தாண்டி 1987-இல் கட்டி முடித்த 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். தான் இலங்கைக்குக் கொண்டுபோன அரங்கன் சிலையைக் கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்ட சிறுவனை விபீஷணன் அங்கிருந்துதான் துரத்திவந்து, இங்கே பிடித்துத் தலையில் குட்டினான். அந்தச் சிறுவன்தான் உச்சிப் பிள்ளையார்.

சித்திரை, வைகாசியில் வந்தால் பெரும்பாலும் மணல்தான் தெரியும். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-இல் திறப்பார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வந்து பாருங்கள், பார்வதியின் பயம் புரியும்.

மேற்கே தெரிவது உறையூர். அங்கே வெக்காளியம்மனுக்கு ஏன் கூரையில்லை என்பதற்கும் இந்த மலைக்கும் ஒரு கதைத் தொடர்பு உண்டு. இறங்கியதும் ஆட்டோ பிடித்து அங்கேயே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.