‘பேட்டரி மட்டுந்தான் இல்லீங்க’: பழைய பிலிம் கேமரா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஈரோட்டுத் தம்பி ஒருவன் கெனான் ஏஇ-1 ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். “ரெண்டாயிரத்துக்கு முடிச்சுட்டேனுங்ண்ணா, பேட்டரி மட்டுந்தான் இல்லை.” எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை நம்பி நானும் ஏமாந்தவன். பிலிம் மாட்டாமலே படம் எடுப்பது போன்றவை எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்டரி போடாமல் விலை பேசுவது

1976இல் வந்த ஏஇ-1இன் ஷட்டர், அதாவது பிலிமுக்கு வெளிச்சம் விட்டு மூடும் திரை, மின்சாரத்தில் இயங்குவது. 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் பட்டனை அமுக்கினால் எதுவும் அசையாது. அப்படியிருக்க, பேட்டரி இல்லாத கேமரா நன்றாக ஓடுகிறது என்று விற்பவர் எப்படிச் சொல்கிறார்?

நான் வாங்கியது கோவையில், மூடப்போகும் ஸ்டுடியோ ஒன்றில். வீட்டில் பேட்டரி போட்டதும் ‘டக்’கென்று அடித்தது. சரி, ஜெயித்துவிட்டோம் என்று அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கொண்டுபோனேன். குதிரைச் சந்தை, நல்ல வெயில். எல்லாவற்றையும் 1/1000 நொடி வேகத்திலேயே எடுத்தேன். கழுவி வந்த 36 படத்திலும் ஒரு ஓரம் கறுப்பு, கதவை ஒருக்களித்துச் சாத்தியதுபோல. ஷட்டரில் இரண்டு திரை: முதலாவது திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். எண்ணெய் வறண்டு முதல் திரை திணறியிருக்கிறது. பின்னால் வந்த இரண்டாம் திரை அதை எட்டிப் பிடித்து இடைவெளியை அடைத்துவிட்டது. பிலிம், கழுவின கூலி, சர்வீஸ் எல்லாம் கூட்டினால் இன்னொரு பழைய பிலிம் கேமராவான பென்டாக்ஸ் கே1000, நல்லதாக ஒன்றே வாங்கியிருக்கலாம். அந்தப் படங்களில் ஒன்று, பெரியவர் ஒருவர் குதிரையின் பல்லைப் பார்த்து விலை பேசுவது. அதையும் சிரித்துக்கொண்டே எடுத்தேன் பாருங்கள், இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

ஏஇ-1க்குப் போடும் 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு போங்கள். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான வானத்துக்கு நேரே பிடித்து 1/1000இல் நாலைந்து முறை அடியுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஷட்டர் திறப்பின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ‘கீச்’ சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடியின் பல்சக்கரம் வறண்டிருக்கிறது. சர்வீஸ் செலவை விலையில் கழியுங்கள். தம்பியின் கேமராவில் என் பேட்டரியைப் போட்டோம். கீச்.

கே1000 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது

அதில் பேட்டரி, வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டுந்தான். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். அதனால் நம்பலாம். அதற்காக, இருபது வருடம் ஓடாத மோட்டாரை அப்படியே கிணற்றில் இறக்குவோமா? 1 நொடியில் வைத்து அடித்துக் காது கொடுங்கள். இழுத்துக்கொண்டு நின்றால் அதற்கும் சர்வீஸ் உண்டு.

பூஞ்சை

ஈரம் மிகுந்த வால்பாறையிலிருந்து இறங்கிய லென்ஸா? உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

பின்கதவுப் பஞ்சு

வெளிச்சம் புகாமலிருக்கப் பின்கதவு ஓரத்தில் வைத்த பஞ்சு, பழசானால் விரலில் தார் மாதிரி ஒட்டும். மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.